உங்க பேஸ் எவ்வளவு? வாசகர் கேள்வி, நம்ம பதில்

இந்த தடவ வந்த கேள்விகள்ல முக்காவாசி வேகத்த பத்தி தான், அதனால அத மட்டும் தனியா எடுத்து ஒரே மூச்சுல பதில் சொல்லிடறேன். பேஸ்னா ஒரு கிலோமீட்டர் போக எத்தன நிமிஷம் ஆகுதுங்கறது. 12 நிமிஷம்னா மணிக்கு 5 கி.மீ., 10 நிமிஷம்னா 6, ஏழரை நிமிஷம்னா 8, 6 நிமிஷம்னா 10. நம்பர் குறைஞ்சா வேகம் கூடுதுனு அர்த்தம், புதுசா வாட்ச் கட்டினவங்களுக்கு முதல் குழப்பமே இது தான். கீழ 10:30னு எழுதியிருந்தா 10 நிமிஷம் 30 செகண்ட்னு படிச்சுக்கோங்க.

அண்ணா வணக்கமுங்க. எனக்கு 41 வயசு. ரேஸ்கோர்ஸ்ல டெய்லி ரெண்டு ரவுண்டு நடக்கறனுங்க, பேஸ் 10:30 வருது. வீட்டுக்காரரு ஓடற குரூப்புல இருக்காருங்க, அவங்க வாட்ஸ்அப்புல தினமும் 6:00, 5:50னு ஸ்க்ரீன்ஷாட்டா போட்டுட்டே இருக்காங்க. அத பாத்து பாத்து நானும் போன மாசம் ஓட ஆரம்பிச்சனுங்க, எவ்வளவு தம் கட்டி ஓடினாலும் 9:00 தாங்க வருது, அதுக்கே மூச்சு வாங்குது, முழங்காலும் வலிக்குது. வெறும் ஒன்றரை நிமிஷ வித்தியாசத்துக்கா இவ்வளவு கஷ்டம்? நடந்தா மட்டும் போதுங்களா, இல்ல நடக்கறதெல்லாம் கணக்குலயே வராதுங்களா? – பேர் வேண்டாமுங்க, கோவை

தாராளமா கணக்குல வரும்மா. ரேஸ்கோர்ஸ் ஒரு சுத்து சுமார் ரெண்டரை கிலோமீட்டர், ரெண்டு சுத்துனா 5, உங்க பேஸுக்கு 52 நிமிஷத்துக்கு மேல ஆகுது, வாரத்துல ஆறு நாள் போனீங்கனாலே 300 நிமிஷத்த தாண்டிடுது. உலக சுகாதார நிறுவனம் 2020ல சொன்ன அளவே பெரியவங்களுக்கு வாரம் 150ல இருந்து 300 நிமிஷம் மிதமான உடற்பயிற்சி, இல்லனா 75ல இருந்து 150 நிமிஷம் கடுமையானது, அவ்வளவு தான். உங்க நடை மிதமானது தானானு சந்தேகம் வரலாம், அதையும் பாத்துடுவோம். 10:30னா நிமிஷத்துக்கு 95 மீட்டர். உங்க ஒரு எட்டு, அதாவது ஒரு காலடி, 70 சென்டிமீட்டர்னு வச்சா நிமிஷத்துக்கு சுமார் 136 எட்டு வைக்கறீங்க. நடைய ஆராய்ச்சி பண்றவங்க வச்சிருக்கற பொதுக் கணக்கு, 100 எட்டு தாண்டினா மிதமானது, 130 தாண்டினா கடுமையான பக்கம் போயாச்சு. நீங்க நல்லாவே நடக்கறீங்க.

இப்போ அந்த ஒன்றரை நிமிஷம். இது தான் நிறைய பேர் ஏமாந்து போற இடம், நடையும் ஓட்டமும் ஒரே கோட்டுல அடுத்தடுத்து இருக்கற மாதிரி வாட்ச் காட்டுது, ஆனா உடம்புக்கு அது ரெண்டும் ரெண்டு வேற வேலை. நடக்கும்போது ஒரு கால் எப்பவும் தரையில இருக்கும், ஊணின கால் மேல உடம்பு அப்படியே சாஞ்சு முன்னாடி போயிடும், செலவு கம்மி. ஓடும்போது ரெண்டு காலும் தரைய விட்டு எழும்புது, ஒவ்வொரு தடவ இறங்கும்போதும் உங்க எடைய போல ரெண்டு மடங்குக்கு மேல தாக்கம் ஒத்த கால் மேல விழுது. நடையில அது எடைய விட கொஞ்சம் தான் கூட. முழங்கால் ஏன் சத்தம் போடுதுனு இப்ப புரிஞ்சிருக்கும். மூச்சு விஷயமும் அப்படி தான், சும்மா உட்காந்திருக்கும்போது உடம்புக்கு ஆகற செலவ ஒண்ணுனு வச்சா, உங்க நடைக்கு நாலு நாலரை ஆகும், 9:00ல ஜாகிங் பண்ண ஆறுக்கு மேல ஆகும். அதாவது வாட்ச்சுல ஒன்றரை நிமிஷம், உள்ள கிட்டத்தட்ட ஒன்றரை மடங்கு வேலை.

இதுல இன்னொரு விஷயம் இருக்கு, மணிக்கு 7, ஏழரை கி.மீ. கிட்ட, அதாவது 8:30க்கும் 8:00க்கும் நடுவுல எங்கயோ ஒரு எல்லை இருக்கு, வேகத்த மெதுவா கூட்டிக்கிட்டே போனா அந்த இடம் வந்ததும் யாரும் சொல்லாமலே கால் தானா ஓட ஆரம்பிச்சிடும். அதுக்கு கீழ நடக்கறது தான் சிக்கனம், அதுக்கு மேல ஓடறது தான் சிக்கனம். கால் நீளம் கம்மியா இருக்கறவங்களுக்கு இந்த எல்லை கொஞ்சம் முன்னாடியே வந்துடும். நீங்க ஓடற 9:00 அந்த எல்லைக்கு கீழ இருக்கு, அந்த வேகத்துல நடக்கறத விட ஓடறதுக்கு தான் உடம்பு அதிகமா செலவழிக்குது. அதனால நீங்க மெதுவா ஓடறதால கம்மியா உழைக்கறீங்கனு தயவு செஞ்சு நினைக்காதீங்க.

6:00ல ஓடறவருக்கும் 9:00ல ஓடறவருக்கும் ஒரு கிலோமீட்டருக்கு எரியற கலோரி ஏறக்குறைய ஒண்ணு தான், எடை ஒவ்வொரு கிலோவுக்கும் சுமார் ஒரு கலோரி. 60 கிலோ இருக்கறவர் 5 கி.மீ. ஓடினா சுமார் 300, எந்த பேஸா இருந்தாலும் பெருசா மாறாது, அவர் சீக்கிரம் முடிச்சிட்டு வீட்டுக்கு போறார், நீங்க கொஞ்சம் லேட்டா போறீங்க. சாதாரண நடைக்கு அதுல மூணுல ரெண்டு பங்கு.

ஓடணும்னு உங்களுக்கே ஆச இருந்தா ஓடுங்க, வலி முழுசா போற வரைக்கும் நடைய மட்டும் வச்சுக்கிட்டு அப்புறம் ஒரு நிமிஷம் ஓட்டம் ரெண்டு நிமிஷம் நடைனு, ஒரு நாள் விட்டு ஒரு நாள். வீக்கம் இருந்தாலோ, மாடிப்படி இறங்கும்போது வலிச்சாலோ எலும்பு டாக்டர ஒரு தடவ பாத்துடுங்க. ஆனா அந்த ஸ்க்ரீன்ஷாட்டுக்காக ஓடாதீங்கம்மா, இத நான் மனசு கஷ்டப்பட்டு தான் சொல்றேன், குரூப்புல வர்ற படமெல்லாம் நல்லா ஓடின நாளோட படம், கால் வராம பாதியில திரும்பி வந்த நாள யாரும் போஸ்ட் பண்றதில்ல. அத தினமும் பாக்கறவங்க எத்தனையோ பேர் நடந்துட்டிருந்ததையும் விட்டுட்டு வீட்டுல உட்காந்துட்டாங்க.

அண்ணா, ஓஎம்ஆர்ல ஐடி வேலை, வயசு 27. நானும் ப்ரெண்டும் ஒரே ரூட்ல ஓடறோம், ஆப்ல எனக்கு 6:10, அவனுக்கு 5:40னு காட்டுது, ஆனா பக்கத்துல பக்கத்துல தான் முடிக்கிறோம்! போன மாசம் ஒரு 10 கே ஈவென்ட்ல வாட்ச் 6:03 காட்டுச்சு, சர்டிபிகேட்ல 62 நிமிஷம்னு போட்டு 6:12 வருது. எத நம்பறது? – சென்னை வாசகர்

முதல்ல ப்ரெண்டோட ஆப்ப தொறந்து ஆட்டோ பாஸ் ஆன்ல இருக்கானு பாருங்க தம்பி. அது இருந்தா சிக்னல்ல நின்ன நேரம், தண்ணி குடிச்ச நேரம், ஷூ லேஸ் கட்டின நேரம் எல்லாத்தையும் கழிச்சுட்டு நகர்ந்த நேரத்துக்கு மட்டும் பேஸ் போடும். உங்களுது ஆஃப்ல இருக்கும், கடிகாரம் ஓடிக்கிட்டே இருக்கும். ரெண்டு பேரும் மொத்த நேரத்த பாத்தீங்கனா சண்டையே முடிஞ்சிடும்.

ஈவென்ட் விஷயத்துல சர்டிபிகேட்ட நம்புங்க. முறையா அளக்கற ரோட் ரேஸ்ல ஓடக்கூடிய மிகக் குறுகிய கோட்ட புடிச்சு, வளைவுல உள் ஓரமா ஒட்டி அளப்பாங்க, தூரம் குறைஞ்சிடக் கூடாதுனு ஆயிரத்துல ஒரு பங்கு சேத்தும் வைப்பாங்க. நாம அந்த கோட்டுலயா ஓடறோம், கூட்டத்துல இடது பக்கம் வலது பக்கம்னு ஒதுங்கி, தண்ணி ஸ்டால் பக்கம் போய், வளைவ வெளிப்பக்கமா சுத்தி, 10.25 கி.மீ. ஆகிடுது, கட்டடத்துக்கும் மரத்துக்கும் நடுவுல ஜிபிஎஸ் தன் பங்குக்கு கொஞ்சம் இழுத்து விடும். 62 நிமிஷத்த 10.25ஆல வகுத்தா 6:03, 10ஆல வகுத்தா 6:12, உங்க ரெண்டு நம்பரும் அதுல வந்துடுச்சு பாருங்க. கிரவுண்டுல ஓடறவங்களுக்கும் இதே தான், 400 மீட்டர் டிராக்ல முதல் லேன் மட்டும் தான் 400, எட்டாவது லேன்ல ஒரு சுத்து 450ஐ தாண்டிடும், வெளி லேன்ல 10 ரவுண்டு ஓடிட்டு 4 கி.மீ.னு எழுதினா அரை கிலோமீட்டர் உங்களுக்கு நஷ்டம்.

இன்னொண்ணு, நீங்க கேக்கல, இருந்தாலும் சொல்லிடறேன், சென்னையில இருக்கறவங்க மே மாசத்து பேஸ டிசம்பர் பேஸோட வச்சு பாத்து வருத்தப்படாதீங்க. புழுக்கத்துல வேர்வை ஆவியாகாம ஒழுகிட்டு தான் இருக்கும், உடம்ப குளிர வைக்க ரத்தம் தோல் பக்கம் போகுது, கால் தசைக்கு போகறது குறையுது, அதே வேகத்துக்கு இதயம் இன்னும் வேகமா அடிக்கணும். வெயில் காலத்துல பேஸ மறந்துட்டு மூச்ச பாருங்க, பக்கத்துல ஓடறவரோட முழு வாக்கியமா பேச முடியுதா, அது சுலபமான ஓட்டம், ரெண்டு மூணு வார்த்தையில நிக்குதா, அது கஷ்டமான ஓட்டம். வாரத்துல பெரும்பாலான நாள் பேசிக்கிட்டே ஓடற வேகம் தான் இருக்கணும், புதுசா ஓட வர்ற பசங்க தினமும் ரேஸ் மாதிரி ஓடிட்டு ரெண்டாவது மாசம் காலப் புடிச்சுக்கிட்டு உட்காந்துடறாங்க.

5 கி.மீ. நிக்காம ஓட முடியல, நடுவுல நடந்தா பேஸ் கெட்டுப் போயிடும்னு கூட ஓடறவங்க சொல்றாங்க, நடக்கலாமா கூடாதா? – திருச்சி வாசகர்

கணக்கு போட்டு பாருங்க சார். 3 நிமிஷம் 7:00ல ஓடறீங்க, 1 நிமிஷம் 11:00ல நடக்கறீங்க, இதையே கடைசி வரைக்கும் திருப்பி திருப்பி பண்ணா சராசரி 7:42 வரும். அதே நீங்க நடக்கவே மாட்டேன்னு 7:00ல கிளம்பி, ரெண்டு கிலோமீட்டர்ல தம் போய், மிச்ச மூணையும் 8:30ல இழுத்தா சராசரி 7:54. நடந்தவர் தான் முன்னாடி முடிச்சிருக்கார், அதுவும் முகம் தெளிவா. தம் போன பிறகு நடக்கறது வேற, தம் போறதுக்கு முன்னாடியே திட்டமா நடக்கறது வேற, வித்தியாசம் அங்க தான் இருக்கு, முதல் மூணாவது நிமிஷத்துலயே நடந்துடணும், அப்போ நல்லா தான் இருக்கும், ஏன் நடக்கணும்னு தோணும், தோணினாலும் நடக்கணும். இந்த முறைய உலகம் முழுக்க பரப்பினவர் ஜெஃப் காலோவே, அமெரிக்காக்காரர், 1972 மியூனிக் ஒலிம்பிக்ஸ்ல 10,000 மீட்டர் ஓடினவர், அப்படிப்பட்டவரே சாதாரண ஜனங்களுக்கு நடந்து நடந்து ஓடச் சொல்லிக் குடுத்தார். கூட ஓடறவங்க எதாவது சொன்னா சொல்லிட்டு போகட்டும்.

தம்பி, எனக்கு 66 வயசாகுது. தெப்பக்குளத்த சுத்தி தான் பல வருஷமா காலையில நடந்துக்கிட்டு இருக்கேன். முன்னாடி கிலோமீட்டருக்கு 10 நிமிஷம், இப்ப பன்னெண்டரை ஆகுது. பிரஷருக்கு மாத்திரை சாப்பிடுறேன். பேரன் வாங்கிக் குடுத்த வாட்ச்சு நாடி ஏறவே மாட்டேங்குதுனு காட்டுது. சின்ன பயலுகள்லாம் தாண்டிப் போறாய்ங்க. நம்ம கதை அம்புட்டுதானா? – மதுரை

ஐயா, நீங்க கேட்ட கேள்விய படிச்சிட்டு உடனே எழுதணும்னு தோணுச்சு. 12:30னா நொடிக்கு 1.33 மீட்டர். வயசானவங்களோட தசை பலம் குறைஞ்சிருக்கானு பாக்க டாக்டருங்க நடை வேகத்த அளப்பாங்க, 2019ல ஆசிய நிபுணர் குழு வச்ச எல்லை நொடிக்கு 1 மீட்டர், அதுக்கு கீழ போனா தான் கவனிக்கணும்ங்கறாங்க. 1 மீட்டர்னா பேஸ் 16:40. நீங்க அதுக்கு நாலு நிமிஷத்துக்கு மேல முன்னாடி நிக்கறீங்க.

பஞ்சாப்ல 1911ல பொறந்து லண்டன்ல வாழ்ந்த ஃபௌஜா சிங் முதல் மாரத்தான் ஓடினது 2000ல, அவருக்கு அப்போ 89 வயசு. 2003ல டொரன்டோவுல 5 மணி 40 நிமிஷத்துல முடிச்சார், பேஸ் 8:04. அதே ஊர்ல 2011ல, நூறு வயசுல, 8 மணி 11 நிமிஷம், பேஸ் 11:38. எட்டு வருஷத்துல கிலோமீட்டருக்கு மூன்றரை நிமிஷம் கூடியிருக்கு, அவர் 2003 நம்பர புடிச்சு வச்சுக்கிட்டு உட்காந்திருந்தா நூறு வயசுல 42 கி.மீ. போயிருக்கவே மாட்டார். பொறப்பு சான்றிதழ் இல்லாததால கின்னஸ்காரங்க ஏத்துக்கல, அதுக்காகவும் அவர் நிறுத்தல.

வாட்ச் விஷயம், பிரஷர் மாத்திரையில ஒரு வகை, பீட்டா பிளாக்கர்னு சொல்வாங்க, நாடித் துடிப்ப ஏற விடாது, அது தான் அதோட வேலையே. உங்களுக்கு குடுத்திருக்கறது அதுவானு டாக்டர்ட்ட கேளுங்க, அதுவா இருந்தா 220ல வயச கழிச்சு போடற கணக்கெல்லாம் உங்களுக்கு பொருந்தாது, மாத்திரைய மட்டும் நீங்களா நிறுத்திடாதீங்க. நடக்கும்போது பேச முடியுதா, லேசா வேர்க்குதா, போதும். ஆனா ஒண்ணு, வேகம் வருஷக்கணக்குல கொஞ்சம் கொஞ்சமா குறைஞ்சா அது வயசு, ரெண்டு மூணு மாசத்துல தடால்னு குறைஞ்சா டாக்டர்ட்ட போங்க. நடந்தா கெண்டைக்கால் இழுத்துப் புடிச்சு, நின்னா விட்டுடுது, மறுபடி நடந்தா மறுபடி புடிக்குதுனா கால் ரத்தக் குழாய் அடைப்பா இருக்கலாம். நெஞ்சு இறுக்கினா அன்னிக்கே போகணும், மறுநாள் பாத்துக்கலாம்னு இருக்கக் கூடாது.

ரேஸ் வாக்கிங்ல போறவங்கள பாத்தா ஓடற மாதிரியே இருக்கே, அது நெஜமாவே நடை தானா? – கல்லூரி மாணவி, நாகர்கோவில்

நடை தான்மா, விதி ரெண்டே ரெண்டு. ஜட்ஜோட வெறுங்கண்ணுக்கு ரெண்டு காலும் ஒரே நேரத்துல தரைய விட்டு எழும்பினது தெரியக் கூடாது, முன்னாடி வைக்கற கால் தரைய தொட்டதுல இருந்து உடம்பு அது மேல நேரா வர்ற வரைக்கும் முழங்கால் மடங்கக் கூடாது. மீறினா சிவப்பு அட்டை, அது சேர சேர வெளியேத்திடுவாங்க. முழங்கால மடக்காம வேகம் வரணும்னா இடுப்ப தான் சுழட்டணும், அதனால தான் அந்த ஆட்டம். கேரளாவோட கே.டி. இர்ஃபான் 2012 லண்டன் ஒலிம்பிக்ஸ்ல 20 கி.மீ. நடைய 1 மணி 20 நிமிஷம் 21 செகண்டுல முடிச்சு பத்தாவது வந்தார், பேஸ் 4:01. ஜப்பானோட யூசுகே சுசூகி 2015ல 1 மணி 16 நிமிஷம் 36 செகண்ட், பேஸ் 3:50. நம்ம ஊர் பீச்சுல காலையில ஓடறவங்கள்ல அந்த வேகத்துல ஒரு கிலோமீட்டர் ஓடவே ரொம்ப கொஞ்சம் பேரால தான் முடியும், இவங்க அத 20 கிலோமீட்டர் நடந்திருக்காங்க. காலேஜ்ல இதுக்கு ஆள் தேடிட்டிருப்பாங்க, ஆசையிருந்தா பி.டி. மாஸ்டர்ட்ட கேளுங்க.

ட்ரெட்மில்ல 8:00 ஈசியா வருது, ரோட்ல வரல, மெஷின் பொய் சொல்லுதா? – திருப்பூர்

கைப்புடிய புடிச்சுக்கிட்டு ஓடறீங்களானு முதல்ல பாருங்க, புடிச்சா உடம்பு எடையில கொஞ்சம் கை தாங்கிக்கும். ட்ரெட்மில்ல 1 சதவீதம் ஏத்தம் வைக்கணும்னு சொல்றது எதிர்காத்த ஈடு கட்டறதுக்கு, அது வேகமா ஓடறவங்களுக்கு தான், உங்க 8:00க்கு காத்து ஒரு பெரிய விஷயமே இல்ல. ஏசி ரூம், மேடு பள்ளம் இல்ல, நாய் இல்ல, வண்டி இல்ல, பெல்ட்டே வேகத்த புடிச்சு வச்சுக்குது, அதனால ஈசியா இருக்கு. பெல்ட் அளவு சரியா இல்லாத மெஷினும் ஜிம்முல உண்டு, கை வாட்ச் அங்க கை வீச்ச வச்சு தான் குத்துமதிப்பா கணக்கு போடுது. ட்ரெட்மில் நம்பர ட்ரெட்மில் நம்பரோட மட்டும் பாருங்க, அதுவும் அதே மெஷின்ல.

கல்யாணமாகி பதினஞ்சு வருஷம், இப்ப தான் ரெண்டு பேரும் சேந்து வாக்கிங் போக ஆரம்பிச்சிருக்கோம், அவர் 9:45, நான் 12:00. அவர் கூட போனா எனக்கு ஓட்டமா இருக்கு, என் கூட வந்தா அவருக்கு வேர்க்கவே மாட்டேங்குதாம். தனித்தனியா போயிடலாமானு யோசிக்கிறோம். – சேலம்

தனித்தனியா போக வேண்டாம். ரெண்டு பேரும் ஒரே நேரத்துல, ஒரே இடத்துல இருந்து, ஒரே ரோட்டுல கிளம்புங்க, அவங்கவங்க வேகத்துலயே போங்க. போன்ல 20 நிமிஷத்துக்கு ஒரு அலாரம், அடிச்சதும் யார் எங்க இருந்தாலும் அப்படியே திரும்பிடணும். அவர் ரெண்டு கிலோமீட்டர் தாண்டி இருப்பார், நீங்க 1.6, 1.7ல இருப்பீங்க, திரும்பும்போது அவர் பின்னாடி இருந்து வருவார், நீங்க முன்னாடி. போன வேகத்துலயே திரும்பினா நாப்பதாவது நிமிஷம் ரெண்டு பேரும் ஒண்ணா வண்டிகிட்ட வந்து நிப்பீங்க. கடைசி அஞ்சு நிமிஷம் அவர் உங்கள எட்டிப் புடிக்கப் பாப்பார், நீங்க விட மாட்டீங்க, ரெண்டு பேருக்கும் நல்லா வேர்க்கும். ஞாயித்துக்கிழமை மட்டும் வாட்ச்ச கழட்டி வச்சிட்டு உங்க 12:00ல சேந்தே நடங்க, அவருக்கு அன்னிக்கு வேர்க்கலனா பரவால்ல.